விக்கெட் விழுந்த பிறகு

வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்கு அபராதமோ தடையோ விழும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. சீறாத பாம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆவேசத்தைப் பிடுங்கிவிட்டால் வேகப்பந்து வீச்சில் மிச்சம் என்ன, டெஸ்ட் கிரிக்கெட்டைப் பஜனை மடமாக்கிவிட்டார்கள் என்று முன்னாள் வீரர்களும் டீக்கடை விமர்சகர்களும் ஒரே குரலில் பேசுவார்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆவேசம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் உச்சி வெயிலில், நாளின் மூன்றாவது ஸ்பெல்லுக்கு யாராலும் ஓடிவர முடியாது. ஆனால் தண்டனை வாங்கித் தந்த செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எந்த நொடியில் நடந்தன என்று பாருங்கள். பெரும்பாலானவை பந்து கையை விட்டுப் போய், விக்கெட்டும் விழுந்து, வீச்சாளரின் வேலை முடிந்த பிறகு நடந்தவை. வேலை முடிந்த பிறகு செய்கிற காரியத்தைத் தடுத்தால் வேலை எப்படிக் கெடும்?

ககிசோ ரபாடாவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐசிசி 2016 செப்டம்பரில் டீமெரிட் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. 24 மாதங்களுக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் ஒரு டெஸ்ட் அல்லது இரண்டு குறுகிய ஓவர் ஆட்டங்கள், எது முதலில் வருகிறதோ அதில் ஆட முடியாது. எட்டுப் புள்ளி என்றால் இரண்டு டெஸ்ட் போகும். 2017 பிப்ரவரியில் கேப் டவுனில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் இலங்கையின் நிரோஷன் டிக்வெல்லவைத் தோளால் இடித்ததற்காக ரபாடாவுக்கு மூன்று புள்ளி விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் லார்ட்ஸில் பென் ஸ்டோக்ஸை அவுட்டாக்கிவிட்டு, வெளியேறியவரைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல்லுக்கு இன்னொரு புள்ளி. கணக்கு நான்கானது, டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்ட் போனது. பிறகு 2018 பிப்ரவரியில் ஷிகர் தவான், மார்ச்சில் ஸ்டீவ் ஸ்மித்தும் டேவிட் வார்னரும், 2020 ஜனவரியில் ஜோ ரூட். டிக்வெல்ல விவகாரத்தை விட்டால் மற்ற ஐந்தும் விக்கெட் விழுந்த அடுத்த சில நொடிகளில் நடந்தவை. அந்த ஐந்தில் நான்கு ஒரே மைதானத்தில், போர்ட் எலிசபெத் செயின்ட் ஜார்ஜ்ஸ் பார்க்கில் நடந்தவை. அந்த மண்ணில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

அவற்றில் ஸ்மித் சம்பவத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஸ்மித் எல்பிடபிள்யூ. கையை உயர்த்தி அப்பீல் செய்தபடியே ரபாடா முன்னால் ஓடுகிறார். அம்பயரின் விரல் உயர்கிறது. ஸ்மித் கிரீஸை விட்டு நகர, கத்திக்கொண்டே வந்த ரபாடாவின் தோள் ஸ்மித்தின் தோளில் உரசுகிறது. மேட்ச் ரெஃப்ரி ஜெஃப் குரோ இதை இரண்டாம் நிலைக் குற்றமாகக் கொண்டு மூன்று புள்ளி போட்டார். கணக்கு எட்டைத் தொட்டு, தொடரின் மிச்சமிருந்த இரண்டு டெஸ்டுகளும் கைநழுவிப் போயின. அதே ஆட்டத்தில் அவர் எடுத்தது 150 ரன்னுக்கு 11 விக்கெட். தென்னாப்பிரிக்கா மேல்முறையீடு செய்தது, வழக்கறிஞர் டாலி ம்போஃபு வாதாடினார். விசாரித்த நியூசிலாந்து வழக்கறிஞர் மைக்கேல் ஹெரான், ரபாடா வேண்டுமென்றே இடித்தார் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று குற்றத்தை முதல் நிலைக்குக் குறைத்தார். ஒரு புள்ளி, போட்டி ஊதியத்தில் 25 சதவீத அபராதம், தடை நீங்கியது. ஸ்மித் தன் அதிருப்தியை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவுட்டான ஆட்டக்காரரை அவர் வழியில் விட்டுவிட வேண்டும் என்ற நெறியை ரபாடா மீறினார் என்றும் ஹெரான் சொன்னார். என் பார்வையில் இரண்டு பாதியும் சரி. வேண்டுமென்று இடித்தாரா என்பது மனசுக்குள் நடந்த விஷயம், அதை எந்தக் கேமராவும் காட்டாது. அந்த இடத்துக்கு ஏன் போனார் என்பது கால்கள் எடுத்த முடிவு. அதைக் கேமரா காட்டும், பயிற்சியாளரும் திருத்தலாம்.

கால்கள் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. பந்து கையை விட்டதும் வேகப்பந்து வீச்சாளரால் நிற்க முடியாது. இருபது முப்பது கஜம் ஓடிச் சேர்த்த வேகம் அவரை இன்னும் நான்கைந்து எட்டு முன்னால் தள்ளும். மற்ற வீச்சாளர்கள் யாரும் ஆட்டக்காரரை நோக்கி இவ்வளவு தூரம், இவ்வளவு வேகமாக, மூச்சு இரைத்துக்கொண்டு போவதில்லை. ஸ்பின்னருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. தொழிலே அவரை மோதல் நடக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே தொழில் அவருக்கு ஒரு பாதையையும் கற்றுத் தந்திருக்கிறது. பாப்பிங் கிரீஸிலிருந்து ஐந்தடி தள்ளித் தொடங்கி, நடு ஸ்டம்புக்கு இருபுறமும் ஓரடி அகலத்துக்கு ஆடுகளத்தில் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்டது. ஃபாலோ த்ரூவில் அதற்குள் ஓடினால் முதலில் எச்சரிக்கை, அடுத்து இறுதி எச்சரிக்கை, மூன்றாம் முறை அந்த இன்னிங்ஸில் அவர் மேலும் பந்து வீச முடியாது. அதனால் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பையன்களை இரண்டு மூன்று எட்டுக்குள் ஆடுகளத்தை விட்டு விலகப் பழக்கிவிடுகிறோம். ஓவர் த விக்கெட் வீசும் வலது கை வீச்சாளர் தன் இடப்பக்கம் விலகுவார். வலது கை ஆட்டக்காரருக்கு ஸ்லிப் வரிசை நிற்பதும் அதே பக்கம்தான். ஆக, விக்கெட் விழுந்ததும் அவர் போகிற போக்கில் போனாலே தோழர்களிடம்தான் போய்ச் சேருவார். அவுட்டானவர் முகத்துக்கு நேரே போக வேண்டுமென்றால், விலகிய பாதையை விட்டு மறுபடி உள்ளே திரும்ப வேண்டும். உணர்ச்சி வேகத்தில் கால் தானாகப் போய்விட்டது என்ற சமாதானம் எனக்கு எடுபடாததற்குக் காரணம் இந்தத் திருப்பம்தான்.

இங்கே முதல் மறுப்பு வரும். முகத்துக்கு நேரே போகிற அந்தத் துணிச்சலும் 145 கிலோமீட்டர் வேகமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை, ஒன்றை அடைத்தால் மற்றதும் வற்றும் என்பார்கள். முதலில், விதி எதைத் தொடவில்லை என்று பாருங்கள். டெஸ்டில் ஓர் ஓவருக்குத் தோளுக்கு மேல் இரண்டு பவுன்சர் போடலாம். தோளுக்குக் கீழே, விலா எலும்புக்குக் குறிவைத்து நாள் முழுக்கப் போடலாம். முறைக்கலாம். ஷார்ட் லெக்கையும் லெக் கல்லியையும் கழுத்தருகே நிறுத்தலாம். ஆட்டக்காரரை அச்சுறுத்தும் சரக்கு அத்தனையும் வீச்சாளர் கையில் பத்திரமாக இருக்கிறது. 1995-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கர்ட்லி ஆம்ப்ரோஸ், ஸ்டீவ் வாவுக்கு எதிரே போய் நின்று முறைத்ததும், வா ஏதோ சொல்ல ஆம்ப்ரோஸ் கொதித்ததும், கேப்டன் ரிச்சி ரிச்சர்ட்சன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் ஆவேசக் கட்சிக்காரர்களின் பிரதான சாட்சி. அந்த ஆட்டத்தில் ஆம்ப்ரோஸ் எடுத்தது 45-க்கு 5, 20-க்கு 4. மேற்கிந்தியத் தீவுகள் ஒன்பது விக்கெட்டில் வென்றது. ஆனால் அந்த முறைப்பு யாரை நோக்கியதோ அந்த ஸ்டீவ் வா, முதல் இன்னிங்ஸில் 63 ரன்னோடு கடைசிவரை அவுட்டாகாமல் நின்றார். மற்றவர்களைச் சாய்த்தது புல் முளைத்த ஆடுகளமும் ஆம்ப்ரோஸின் அளவு தப்பாத பந்துகளும்.

இதைவிட நல்ல சோதனை 2007 டிரென்ட் பிரிட்ஜ். இந்தியா ஆடியபோது ஜாகிர் கான் பேட் செய்ய வந்த இடத்தில் யாரோ ஜெல்லி மிட்டாயைப் போட்டு வைத்திருந்தார்கள். ஜாகிர் கொதித்துப்போய் கெவின் பீட்டர்சனைப் பார்த்து மட்டையை நீட்டினார். இங்கிலாந்தின் அடுத்த இன்னிங்ஸில் ஒரே அணியின் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரே கோபத்தோடு பந்தை எடுத்தார்கள். ஸ்ரீசாந்த், மைக்கேல் வானைத் தோளால் இடித்தார், பீட்டர்சனுக்குத் தலையை நோக்கி ஒரு பீமர் போட்டார், காலிங்வுட்டுக்கு எதிராகக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்து ஒரு பவுன்சர் போட்டார். போட்டி ஊதியத்தில் பாதி அபராதமாகப் போனது. ஜாகிர் யாரிடமும் போகவில்லை. ரவுண்ட் த விக்கெட் வந்து பந்தை இரு பக்கமும் ஸ்விங் செய்து 75 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். 124 எடுத்திருந்த வானும் அவருக்கே விழுந்தார். இந்தியா அந்த டெஸ்டை ஏழு விக்கெட்டில் வென்றது, தொடரும் அதனாலேயே கிடைத்தது. ஊற்று ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், அது எந்த வாய்க்காலில் போனது என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

முகமது சிராஜைக் காட்டி என்னை மடக்கலாம். அவரிடமிருந்து கொதிப்பை எடுத்துவிட்டால் அவர் சிராஜே இல்லை, உண்மைதான். 2024 டிசம்பரில் அடிலெய்டில் டிராவிஸ் ஹெட் 140 ரன் அடித்த பிறகு அவரை பவுல்டாக்கிவிட்டு வெளியே போ என்று சைகை காட்டினார். அபராதம் 20 சதவீதம், ஒரு புள்ளி. 2025 ஜூலையில் லார்ட்ஸில் பென் டக்கெட்டை அவுட்டாக்கிவிட்டு முகத்துக்கு அருகே போய்க் கத்தினார், தோளும் உரசியது. 15 சதவீதம், இன்னொரு புள்ளி. 140 ரன் அடித்தவரைப் பார்த்து வெளியே போ என்பதில் என்ன வீரம் இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த இரண்டு டெஸ்டிலும் இந்தியா தோற்றது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன், அது நேர்மையாகாது. ஆனால் அதே இங்கிலாந்துத் தொடரின் கடைசி டெஸ்டைப் பாருங்கள். ஓவலில் நான்காம் நாள் ஹாரி புரூக் 19-ல் இருந்தபோது எல்லைக்கோட்டில் கேட்சைப் பிடித்துவிட்டு, காலைக் கயிற்றில் வைத்துவிட்டார் சிராஜ். புரூக் 111 எடுத்தார். தன் மேலேயே வந்த அந்த ஆத்திரத்தை அடுத்த நாள் காலையில் அவரால் எந்த ஆட்டக்காரர் மீதும் கொட்ட முடியவில்லை. பந்தில் மட்டுமே கொட்ட முடிந்தது. 30.1 ஓவர் வீசி 104-க்கு ஐந்து விக்கெட். கஸ் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரோடு ஆறு ரன்னில் வெற்றி. ஐந்து டெஸ்டுகளிலும் ஆடி 23 விக்கெட் எடுத்த அவர், இன்னும் இரண்டு புள்ளி கூடியிருந்தால் அந்தக் காலையில் மைதானத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

ஆட்டக்காரர்களும்தானே வம்புக்கு இழுக்கிறார்கள், வீச்சாளரை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. அடிலெய்டில் ஹெட்டும் பதிலுக்குப் பேசினார், ஆனால் அவருக்கும் ஒரு புள்ளி விழுந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2015-ல் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் இஷாந்த் சர்மா பேட் செய்தபோது இலங்கையின் தம்மிக்க பிரசாத் பவுன்சராகப் போட்டுச் சீண்டினார். இஷாந்த் பதிலுக்குத் தன் தலையைத் தட்டி, இங்கே போடு என்று காட்டினார். பிறகு சண்டிமல் அவுட்டானபோதும் தலையில் அடித்துக்கொண்டு கொண்டாட்டம். பிரசாத்துக்கும் அவருடைய சக வீரர் திரிமன்னவுக்கும் பாதி ஊதியம் அபராதம், சண்டிமலுக்கு ஓர் ஒருநாள் ஆட்டத் தடை, இஷாந்துக்கு ஒரு டெஸ்ட் தடை. இருதரப்புக்கும் விழுந்தது, ஆனால் அளவு வேறு. இஷாந்துக்கு அதே தொடரின் முந்தைய டெஸ்டிலேயே 65 சதவீத அபராதம் விழுந்திருந்ததை மறந்துவிட்டு இதைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. அந்த எஸ்எஸ்சி டெஸ்டில்தான் அவர் தன் 200-ஆவது விக்கெட்டை எடுத்தார், முதல் இன்னிங்ஸில் 54-க்கு ஐந்து. தன் வாழ்நாளின் நல்ல ஆட்டங்களில் ஒன்றுக்குப் பரிசாக அடுத்த மொஹாலி டெஸ்டை வெளியே உட்கார்ந்து பார்த்தார். வீச்சாளருக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தாக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. அவுட்டானவர் அந்த நொடியோடு ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார், பதில் சொல்ல அவர் கையில் எதுவும் இல்லை.

மூன்றாவது வாதம் ரசிகனின் பெயரால் வைக்கப்படுவது. 2020-ல் ரூட்டை பவுல்டாக்கிவிட்டு அவருக்கு வெகு அருகே போய்க் கத்தியதற்காக ரபாடா ஜோகன்னஸ்பர்க் டெஸ்டை இழந்தபோது, டிக்கெட் வாங்கியவன் என்ன பாவம் செய்தான் என்று பலர் கேட்டார்கள். தென்னாப்பிரிக்கா அந்த டெஸ்டை 191 ரன்னில் தோற்றது. அந்த ஒரு கத்தலுக்காக யாரும் அவரைத் தடைசெய்யவில்லை. ஏற்கெனவே கணக்கில் மூன்று புள்ளி இருந்தது, தவானுக்காக வாங்கிய புள்ளி இன்னும் ஒரு மாதத்துக்குள் காலாவதியாகியிருக்கும். இந்தக் கணக்கு முறை கடுமையானது என்பவர்கள் அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். 1971-ல் லார்ட்ஸில் ரன் ஓடிய சுனில் காவஸ்கரை ஜான் ஸ்னோ இடித்துத் தள்ளினார், இங்கிலாந்து அவரை அடுத்த டெஸ்டில் உட்காரவைத்தது. அது ஒரு வாரியம் எடுத்த நல்ல முடிவு. 1980-ல் டனிடினில் ஜான் பார்க்கருக்கு எதிரான கேட்ச் அப்பீல் மறுக்கப்பட்டபோது மைக்கேல் ஹோல்டிங் காலால் ஸ்டம்பை உதைத்துப் பெயர்த்தார், அடுத்த டெஸ்டில் காலின் கிராஃப்ட் ஓடிவரும்போது அம்பயர் ஃபிரெட் குடால் மீது மோதினார். மேற்கிந்தியத் தீவுகள் அணி தொடர்ந்து ஆடியது. 1981-ல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி, ஜாவெத் மியாந்தாத்தை உதைக்க, மியாந்தாத் மட்டையை ஓங்க, அம்பயர் டோனி கிராஃப்டர் நடுவில் புகுந்து தடுத்தார். லில்லிக்கு 200 டாலர் அபராதம் போட்டவர்கள் அவருடைய சக வீரர்களே. அம்பயர்கள் ஏற்காததால் பிறகு இரண்டு ஒருநாள் ஆட்டத் தடையாக மாறியது. ஒரு டெஸ்டும் போகவில்லை. அதே லில்லி 1987 முதல் சென்னை எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் இந்தியாவின் ஒரு தலைமுறை வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓட்டத்தையும் ஆக்‌ஷனையும் சொல்லிக் கொடுத்தார். நம் மாநிலத்துக்கு அவர் தந்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது, ஆனால் பெர்த் சம்பவம் அவர் பாடத்தின் எந்தப் பகுதியும் அல்ல. சக வீரர்கள் நீதிபதியாக இருக்கக் கூடாது. 1991-ல் மேட்ச் ரெஃப்ரி வந்தார். 2020-ல் கோவிட் காரணமாக நடுநிலை அதிகாரிகளை வரவழைக்க முடியாமல், மான்செஸ்டரில் யாசிர் ஷாவை அவுட்டாக்கிவிட்டுப் பேசிய ஸ்டூவர்ட் பிராடுக்கு அபராதம் போட வேண்டிய ரெஃப்ரியாக அவருடைய அப்பா கிறிஸ் பிராட் இருந்தார். 15 சதவீதம் போட்டார். அப்பாக்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பாதை திருத்தத்தால் சரிசெய்துவிட முடியாது. ஹோல்டிங்கின் உதையும், 2019-ல் செயின்ட் லூசியாவில் ரூட் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தபோது ஷானன் கேப்ரியல் வாய்விட்டு நான்கு ஒருநாள் ஆட்டங்களை இழந்ததும் இன்னொரு வகை. விக்கெட் விழாத வெறுமையில், பந்துக்கும் பந்துக்கும் இடையில் நடப்பவை. இதற்கு மருந்து பயிற்சியாளரிடம் இல்லை, மிட் ஆஃபில் நிற்கும் கேப்டனிடம் இருக்கிறது. ரிச்சர்ட்சன் ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்தது போல ஒரு கை வேண்டும். 1980-ல் அந்தக் கை நீளவில்லை.

விக்கெட் விழுந்த பிறகு நடக்கும் முதல் வகைக்கு மருந்து நம்மிடமே இருக்கிறது, ஆனால் நாம் அதைக் கொடுப்பதில்லை. காரணம் வலைப்பயிற்சியின் அமைப்பு. வலையில் ஸ்டம்ப் பறந்தாலும் ஆட்டக்காரர் வெளியேறுவதில்லை. குனிந்து ஸ்டம்பை நட்டுவிட்டு அடுத்த பந்துக்கு நிற்பார். வீச்சாளரும் பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடப்பார். விக்கெட் எடுப்பது பற்றி ஆயிரக்கணக்கான பந்துகள் பழகிய ஒருவர், விக்கெட் எடுத்த பின் எங்கே போவது என்பதை ஒருமுறையும் பழகாமல் டெஸ்டுக்கு வந்து நிற்கிறார். நோ-பாலிலும் இதே கதைதான் நடந்தது. வலையில் கோட்டைப் பார்க்க ஆள் இல்லை, தாண்டிப் போடுவது வழக்கமாகியது. 2020-ல் இங்கிலாந்து–பாகிஸ்தான் டெஸ்ட் தொடரில் முன்கால் கோட்டை மூன்றாவது அம்பயர் ஒவ்வொரு பந்துக்கும் பார்க்கத் தொடங்கியதும், அது கணக்கில் வரும் விஷயம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வாரத்தில் ஒருநாளாவது நடு ஆடுகளத்தில் ஃபீல்டர்களை நிறுத்தி, அவுட்டானவரை உண்மையாகவே பெவிலியனுக்கு நடக்கவைத்துப் பழக்கலாம். வீச்சாளர் இடப்பக்கம் விலகி கீப்பரையும் ஸ்லிப்பையும் நோக்கி ஓடுகிறாரா, உள்ளே திரும்புகிறாரா என்று பார்க்கலாம். என்ன வேண்டுமானாலும் கத்தட்டும், தோழர்கள் முகத்தில் கத்தட்டும். நோ-பால் கணக்கு எழுதும் நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் போட்டு, உள்ளே திரும்பிய ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கிழித்து, மாதக் கடைசியில் நோ-பால் எண்ணிக்கையோடு அதையும் வாசித்துக் காட்டலாம்.